முதல் வீடு: எந்தக் குறையோடு வாழலாம்?

சென்னையில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் விற்பனைக்கு வரும் எந்த வீட்டுக்கும் ஒரு குறை உண்டு. குறையே இல்லாத வீடு வெளியே தெரிவதற்கு முன்பே உறவுக்குள்ளோ பக்கத்து ஃபிளாட்டுக்காரருக்கோ கைமாறிவிடும். அப்படியே சந்தைக்கு வந்தாலும், மொத்தப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார். சம்பளத்தையும் வங்கிக் கடனையும் நம்பி முதல் வீடு தேடுகிறவர் அவரோடு விலையில் மோத முடியாது. ஆனால் மற்றவர்கள் எந்தக் குறையைப் பார்த்து விலகிப் போகிறார்களோ, அது தனக்கு உண்மையிலேயே குறைதானா என்று நிதானமாக எடைபோட அவரால் முடியும். தெற்குப் பார்த்த வாசலோடு வாழ்ந்துவிடலாம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் ஒத்துழைக்கும்வரை பல வருடம் ஓட்டிவிடலாம். வாரிசு ஒருவர் கையெழுத்துப் போடாத பத்திரத்தோடு வாழ முடியாது. டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் ஏறும் தரைத்தளத்தோடும் முடியாது. வீடு தேடும் வேலை என்று நான் சொல்வது இந்த இரண்டு வகைக் குறைகளையும் பிரித்தறிவதைத்தான்.

பெரும்பாலும் பழைய ஃபிளாட்டை, அதாவது மறுவிற்பனை வீட்டை, மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஐம்பது லட்சத்தை ஒட்டித் தேடுகிறவர்கள் நகரத்துக்குள் போய் நிற்பது அநேகமாக அங்கேதான்.

வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்கிடும். நான் நாற்பது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பேன். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 868 ரூபாய் தவணை. 40 லட்சத்துக்கு 34,700 ரூபாய். இருபது ஆண்டும் கட்டி முடிக்கும்போது மொத்தம் 83 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நாற்பது சதவீத வரம்பை வலியுறுத்தக் காரணம், வீட்டுக் கடனின் வட்டி மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. அப்போது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. கடன் காலம்தான் சத்தமில்லாமல் பல ஆண்டுகள் நீண்டது.

அடுத்தது கைப்பணம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்வரை, 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம்வரை, அதற்கு மேல் 75 சதவீதம்வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக 40 லட்சம் கடன் கிடைக்கும் குடும்பம் 50 லட்சம் வீட்டைப் பார்க்கலாம், கையிலிருந்து 10 லட்சம் போட வேண்டும். பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். அதற்கு வங்கி கடன் தராது. புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் ஐம்பதாயிரம். வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், கடன் பத்திரப் பதிவு, வயரிங், பெயின்ட், கழிப்பறைக் குழாய் என்று இரண்டு லட்சம் போய்விடும். 50 லட்சம் வீடு என்பது உண்மையில் 57 லட்சம் வீடு. கையில் இருக்க வேண்டியது 17 லட்சம். பற்றாக்குறைக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாம், வீட்டார் உதவலாம். பெர்சனல் லோன் வேண்டாம்; அதன் தவணையை வங்கி உங்கள் வருமானத்தில் கழித்துக்கொண்டு வீட்டுக் கடனைக் குறைத்துவிடும்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இல்லையென்றால், பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். கடன் வாங்கும் வங்கியிலேயே கேளுங்கள்.

கணக்கு முடிந்ததும் வீடு பார்க்காமல் நேரே வங்கிக்குப் போங்கள். சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், சிபில் மதிப்பெண் எல்லாவற்றையும் கொடுத்து, இத்தனை லட்சம்வரை கடன் தரத் தயார் என்று ஒரு முன் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்கக்காரரோடு போட்டி போடும்போது உங்கள் கையில் இருக்கும் பலம் இந்தக் கடிதம்தான். விற்பவரின் பயம் விலையைப் பற்றியது மட்டுமல்ல. "லோன் பார்ட்டி, மூணு மாசம் இழுத்தடிச்சிட்டுக் கடைசியில கிடைக்கலன்னு சொல்லிடுவாங்க" என்ற பயம் அவருக்கு உண்டு. கடிதத்தைக் காட்டி, நாற்பத்தைந்து நாளில் முடித்துவிடுவேன் என்று சொல்ல முடிந்தவரை, லட்சம் இரண்டு லட்சம் குறைந்தாலும் தேர்ந்தெடுக்கும் ஓனர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் பகுதி என்ற கேள்விக்கு என் பதில்: இன்று ஓடுகிற ரயிலைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி என்ற மூன்று புறநகர்ப் பாதைகளும் சம்பளக்காரரின் முதுகெலும்பு. பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் எல்லாம் தூரம் என்று தோன்றும். ஆனால் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் அந்தத் தூரம் பாதியாகிவிடும். நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போய், ஷேர் ஆட்டோவை நம்பி வாங்கிய வீட்டில் மிச்சப்படுத்திய காசு மாதாமாதம் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் போய்விடும். கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்தைக் காட்டி, பாதையே வராத இடத்திலும் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். வரப்போகும் ரயிலுக்கு இன்றைக்கே காசு கொடுக்காதீர்கள்.

வடசென்னையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்றாலே பெண் கொடுக்கக்கூட யோசிக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்த மனக்கோணல் வீட்டு விலையிலும் ஏறியிருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர்வரை ஓடுகிறது. பாரிமுனைக்கும் சென்ட்ரலுக்கும் வேலைக்குப் போகிறவருக்கு வடசென்னை பக்கத்து ஊர். மணலி, எண்ணூர்ப் பக்கத்தின் ஆலைக் காற்று நிஜமான குறை, அதைக் கணக்கில் எடுங்கள். பேட்டையின் பெயருக்காக மட்டும் விலை இறங்கியிருக்கிறதென்றால், அது வாங்குகிறவருக்கு ஆதாயம்.

இப்படி விலையை இறக்கும் தீங்கில்லாத குறைகள் இன்னும் உண்டு. தெற்கு வாசல் வீட்டைப் பாதிப் பேர் பார்க்கவே வரமாட்டார்கள். லிஃப்ட் இல்லாத மேல்மாடி. கார் நிறுத்த இடமில்லாதது. பழைய மொசைக் தரை, இருட்டான சமையலறை, சுவரெல்லாம் அழுக்கு. ஒரு பெட்ரூம் ஃபிளாட்டும் அப்படித்தான். இரண்டு பெட்ரூமுக்குத்தான் கூட்டம் அதிகம். காலத்திலும் இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியம் செய்ய மாட்டோம் என்று பெரும்பாலானவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் விடுகிற அளவுக்குக் கூட்டம் இருக்கும். மகளின் கல்யாணத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ பணம் வேண்டி ஆடியிலும் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்பது நீங்கள் ஒருவராக இருக்கலாம். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க, விலையை ஆடியில் பேசி முடித்துப் பதிவை ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு இணையத் தளங்கள் போதாது. அங்கே ஒரே வீட்டை நாலு புரோக்கர்கள் நாலு விலைக்குப் போட்டிருப்பார்கள். பகுதியைத் தேர்ந்த பிறகு தெருத்தெருவாக நடங்கள். "வீடு விற்பனைக்கு" என்று பால்கனியில் தொங்கும் அட்டை, மளிகைக்கடைக்காரர், இஸ்திரி போடும் அண்ணன், அடுக்ககத்துக் காவலாளி: இவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தளத்திலும் ஏறாது. புரோக்கரும் வேண்டும்தான். பகுதியில் பத்து வருடம் இருக்கும் ஒருவரைப் பிடித்து, கமிஷன் எவ்வளவு, பதிவு முடிந்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். "சார், காலைல ஒரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள டோக்கன் போட்டீங்கன்னா உங்களுக்கு முடிச்சுக் கொடுத்துடறேன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் பத்திர நகலைப் பார்க்காமல் டோக்கன் போட்டால், அவசரத்தின் விலையை நீங்கள்தான் கொடுப்பீர்கள். நகல் தர மறுக்கும் வீட்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வங்கி ஏலத்தில் விலை குறைவாக வரும் வீடுகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். இருப்பது இருந்தபடி என்ற நிபந்தனையில் விற்கிறார்கள்; உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவது சில சமயம் உங்கள் தலையில் விழும். முதல் வீடாக அது வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டைப் பார்ப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தென்சென்னையின் வெள்ளம் வடிந்து போய்ச் சேரும் இடம் அது. அதன் ஓரத்திலும், ஏரியாக இருந்து தெருவாகிப்போன இடங்களிலும் வீடு மலிவாகக் கிடைத்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம். ஓனரிடம் கேட்டால் "நம்ம தெருவுல நிக்கவே நிக்காது சார்" என்பார். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள். சுற்றுச்சுவரில் கறையைப் பாருங்கள். மின்சார மீட்டர் பெட்டியும் மோட்டாரும் ஆள் உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டிருந்தால், அதை ஏன் தூக்கினார்கள் என்று கேளுங்கள். மேல்மாடி ஃபிளாட் வாங்கினாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. தெருவில் தண்ணீர் நின்றால் மின்சாரம் இராது, லிஃப்ட் ஓடாது, சம்ப்பில் சாக்கடை கலக்கும்.

வெள்ளத்துக்கு மறுபுறம் வறட்சி. 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்கள் அதிகம் தொலைவில் இல்லை. மெட்ரோ வாட்டர் இணைப்பு குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா, போர்வெல் தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஏப்ரல், மே மாதங்களில் அசோசியேஷன் தண்ணீருக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்கு அசோசியேஷன் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாங்கினால் பதில் அதிலேயே இருக்கும்.

பழைய கட்டடத்தில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனிக் கூரை, ஸ்டில்ட் தூண்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ்ப்பகுதி: இங்கெல்லாம் சிமெண்ட் பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தால் சரிசெய்யலாம். தூணில் நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டாமல் ஓர் அடி நகராதீர்கள்.

ஃபிளாட்டின் நிஜமான மதிப்பு சுவருக்குள் இல்லை, அதன் அடியில் இருக்கும் நிலத்தில் இருக்கிறது. அந்த நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பாகத்தை யு.டி.எஸ். என்கிறார்கள். கட்டடம் வருடாவருடம் தேயும், நிலம் தேயாது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற தளப்பரப்பு விகிதம் சென்னையின் சாதாரண அடுக்ககங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்தது. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆனது. உயரக் கட்டடங்களுக்கு 3.25. கணக்குப் போட்டால், பழைய விதியில் கட்டிய 800 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடி நிலம்கூட வரலாம். புது விதியில் 400 அடியை ஒட்டி வரும், உயரக் கட்டடத்தில் 250 அடியை ஒட்டி. பளபளக்கும் உயரக் கட்டடத்தைவிட முப்பது வருடத்து மூன்று மாடிக் கட்டடத்தை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். மறுகட்டுமானம் வரும்போது பேச்சுக்கு அடிப்படையாவது இந்தப் பாகம்தான். 2022-ன் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

யு.டி.எஸ்.ஸில் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அந்தக் கட்டடத்து எல்லா ஃபிளாட்டுகளின் பாகத்தையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வர வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்தால் ஒவ்வொரு ஃபிளாட்டின் விற்பனையும் அதில் வரிசையாக இருக்கும். கூடுதலாக வந்தால், இல்லாத நிலத்தை யாரோ விற்றிருக்கிறார்கள். குறைவாக வந்தால், மிச்சத்தை பில்டரோ நிலச் சொந்தக்காரரோ கையில் வைத்திருக்கிறார். மொட்டைமாடியில் இன்னொரு வீடு கட்ட அவர் நாளைக்கு உரிமை கோரலாம்.

இனி பத்திரங்கள். இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும்.

முதலில் வில்லங்கச் சான்று, பேச்சில் இ.சி. பதிவுத் துறையின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுக்கு எடுங்கள். கணினியில் இல்லாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ.சி. சுத்தமாக இருந்தால் சொத்தும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, கணக்கில் வராத வாரிசு, பத்திரத்தை வைத்துப் பதியாமல் வாங்கிய கடன் எதுவும் அதில் தெரியாது. வங்கிக் கடன்களுக்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள்.

பிறகு மூலப் பத்திரம். இவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். விற்பனையாக வந்த கண்ணிகளில் சிக்கல் குறைவு. அப்பா இறந்து பிள்ளைகளுக்கு வந்த கண்ணியில்தான் கவனம் வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருக்கிறதா, சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே நகை நட்டெல்லாம் போட்டுக் கொடுத்தாச்சு, அவளுக்குப் பங்கு கிடையாது" என்று அண்ணன் சொல்வார். அப்பா சொத்தில் மகளும் வாரிசுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. அந்தத் தங்கையின் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. அவருடைய பங்கை விழுங்கிய வீட்டில் நீங்கள் பால் காய்ச்சக்கூடாது. மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதியைப் பற்றி வக்கீலைக் கேளுங்கள். பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று வேண்டும். முடிந்தால் அவரோடு நேரில் பேசிவிடுங்கள்.

அண்ணா நகர், கே.கே. நகர், முகப்பேர் மாதிரி வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய இடங்களில், வாரியம் ஒதுக்கீடு பெற்றவருக்கு விற்பனைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டதா என்பதே முதல் கேள்வி. ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு விற்பவரிடம் வாங்காதீர்கள்.

நிலத்தைப் பற்றி: பட்டா அல்லது டவுன் சர்வே பதிவேட்டில் சர்வே எண் என்னவென்று போட்டிருக்கிறது, புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம் என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். ஃபிளாட்டுகளில் பட்டா இன்னும் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே இருப்பது சாதாரணம். பத்திரச் சங்கிலி ஒத்துப்போனால் அது மட்டுமே விலகக் காரணமாகாது. புறநகரில் 1978-ன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்துக்கொண்ட நிலங்களும் உண்டு. அந்தச் சட்டம் 1999-ல் நீக்கப்பட்டாலும் அதற்கு முன் எடுத்த நிலத்தின் தலைவலி இன்றும் சில மனைகளில் தொடர்கிறது.

கட்டடத்துக்கு, சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நான்கு என்றால், மலிவாக வருவது அந்த நான்காவது மாடி வீடாகத்தான் இருக்கும். வங்கி கடன் தராது, நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவருக்கும் தராது. லிஃப்ட் இல்லாததோடு வாழலாம், இதோடு முடியாது.

இவ்வளவையும் உங்கள் சொந்த வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். வங்கியும் லீகல் பார்க்கும்தான், ஆனால் அந்த வக்கீல் காப்பது வங்கியின் பணத்தை.

புதுக் கட்டடம் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக: எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் மனைக்கு மேலோ போகும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிந்திருக்க வேண்டும். அதன் தளத்தில் ஒப்படைக்கும் தேதியும் வரைபடமும் இருக்கும். விலையைக் கார்ப்பெட் பரப்பில் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. 2023 டிசம்பர் முதல், புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம்வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். வாடகையும் தவணையும் ஒரே நேரத்தில் எத்தனை மாதம் கட்ட முடியும் என்ற கணக்கோடு போங்கள்.

பத்திரம் தேறிய பிறகு விலை பேசுங்கள். அதற்கு முன் பேசினால் காகிதத்தில் கிடைத்த குறைகளைப் பேரத்துக்குப் பயன்படுத்த முடியாது. அந்தத் தெருவில் கடைசியாகப் பதிவான விலைகளையும், கூரைக் கசிவு, வயரிங் என்று பார்த்த வேலைகளின் மதிப்பீட்டையும் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகப் பேசுங்கள். "பத்திரத்துல முப்பத்தஞ்சு போட்டுக்கலாம், மிச்சத்தை கேஷா கொடுத்துடுங்க" என்று ஓனர் கேட்கலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கி, பத்திர விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலை இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன் தரும். தவிர, வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

விலை முடிந்ததும் சிறு தொகையை மட்டும் வங்கி வழியாக டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்து, ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். செலவு என்று நினைத்து வெள்ளைத்தாளில் முடித்துக்கொள்ளாதீர்கள். பத்திரக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பி வரும், குறிப்பிட்ட தேதிக்குள் வீட்டைக் காலி செய்து தருவார், மின்சார, சொத்துவரி, மெயின்டனன்ஸ் பாக்கி அவருடையது என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். அவருக்கு ஏற்கெனவே கடன் இருந்தால் மூலப் பத்திரங்கள் அவர் வங்கியில் இருக்கும். நிலுவைத் தொகைக் கடிதமும் வங்கியிடமுள்ள ஆவணப் பட்டியலும் வாங்கித் தரச் சொல்லுங்கள். உங்கள் வங்கி அந்தக் கடனை நேராக அடைத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால் விகிதமே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருவரும் சம்பாதித்துக் கட்டும் வீட்டில் இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

பதிவுக்கு முந்தைய நாள் இ.சி.யை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் ஏதாவது ஏறியிருக்கலாம். வரைவுப் பத்திரத்தை எழுத்தரிடம் விட்டுவிடாமல் நீங்களே சத்தமாகப் படியுங்கள்: பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கு எல்லை, யு.டி.எஸ். அளவு, கதவு எண், கார் நிறுத்துமிடம் இருந்தால் அதுவும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதார், பான், இரண்டு சாட்சிகள். விற்பவர் கையெழுத்துப் போட்டு விரல் ரேகை வைத்த பிறகே வங்கியின் காசோலை கைமாறும். சாவியை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று அல்லது அதை ஒட்டி வங்கிக்குக் கடன் பத்திரமும் பதிவாகும். அசல் பத்திரங்கள் வங்கிக்குப் போகும்போது, எதையெல்லாம் கொடுத்தோம் என்ற பட்டியலில் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி, எல்லாவற்றின் நகலையும் வீட்டில் வையுங்கள். பட்டா மாற்றத்துக்கான விண்ணப்பம் பதிவின்போதே வருவாய்த் துறைக்குப் போய்விடும். சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, அசோசியேஷன் உறுப்பினர் பதிவு நான்கிலும் பெயர் மாற்றுவதை முதல் மாதத்திலேயே முடியுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து உங்கள் பெயரில் ஓர் இ.சி. எடுத்து, எழுத்துப் பிழையோ எண் பிழையோ இருக்கிறதா என்று பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அதற்கு விற்றவரின் கையெழுத்தும் வேண்டும், அவர் இன்னும் இதே ஊரில், இதே கைபேசி எண்ணில் கிடைக்கும்போதே கூப்பிட்டு முடித்துவிடுங்கள்.